பள்ளிக்கூடம் போய்க்கொண்டே எம்.எஸ்சி. கணிதம்

மதுரையிலோ அதைச் சுற்றியுள்ள ஊர்களிலோ ஒரு பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பி.எஸ்சி., பி.எட். முடித்து வேலைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. முதுகலை முடிக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போக வழியில்லை. இந்த அத்தியாயம் உங்களுக்காக.

நம் பக்கத்தில் எம்.எஸ்சி. கணிதத்தைப் பகுதிநேரமாகப் படிப்பது என்றால் நடைமுறையில் தபால் வழிதான். இப்போதைய பெயரில் தொலைநிலைக் கல்வி. அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, மதுரைக் கல்லூரி, லேடி டோக், பாத்திமா என்று நகரத்துக்குள் நல்ல கணிதத் துறைகள் பல இருந்தாலும், ஒன்பதரை மணிக்கு உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ முதல் பீரியடு எடுக்க வேண்டியவருக்கு அந்தப் பகல்நேர வகுப்புகள் எட்டாதவை. இந்தத் தேவையை நம் ஊர் முன்பே உணர்ந்திருந்தது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கி ஐந்தே ஆண்டுகளில், 1971இல், அங்கே அஞ்சல் வழிக் கல்வி வந்துவிட்டது. 1978இல் பல்கலைக்கழகத்துக்குக் காமராசர் பெயர் சூட்டப்பட்டது. தென் மாவட்டங்களில் ஒரு தலைமுறை ஆசிரியர்கள் தேனி சாலையில் பல்கலை நகர் நிறுத்தத்தில் இறங்கி, பாடப் புத்தகக் கட்டோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்துத்தான் முதுகலை ஆனார்கள்.

சேரும் முன் ஒரு கேள்விக்கு உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்: இந்தப் பட்டம் எதற்காக? பதவி உயர்வுக்காகவா, முதுகலை ஆசிரியர் நியமனத்துக்கான பி.ஜி. டி.ஆர்.பி. தேர்வு எழுதவா, கணக்கை இன்னும் ஆழமாகத் தெரிந்துகொள்ளவா? மூன்றுமே நியாயமான காரணங்கள். எந்தக் காரணமோ அதைப் பொறுத்து எங்கே சேர்வது, எத்தனை ஆண்டுகளில் முடிப்பது என்பது மாறும். என் கருத்து ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டுக்காக மட்டும் படிப்பவர்கள் இரண்டாம் பருவத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். மூன்றாவது காரணமும் கூட இருந்தால்தான் ராத்திரி பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறக்க மனம் வரும்.

சம்பளக் கணக்கைப் பற்றியும் தெளிவு வேண்டும். உயர்கல்வி முடித்த ஆசிரியருக்கு ஊக்க ஊதிய உயர்வு கிடைத்த காலம் ஒன்று இருந்தது. மூத்த ஆசிரியர்கள் இன்றும் அதைச் சொல்லித்தான் இளையவர்களைச் சேரச் சொல்கிறார்கள். 2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அந்த முன் ஊதிய உயர்வுகளை நிறுத்திவிட்டது. 2023இல் அதற்கு மாற்றாக, ஒரே முறை தரப்படும் தொகைக்கு அரசாணை வந்தது. மாதாமாதம் சம்பளத்தில் ஏறும் என்ற கணக்கில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டாதீர்கள்.

முதலில் டெட், பிறகு எம்.எஸ்சி.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) பற்றித் தீர்ப்பு ஒன்று தந்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் பணியில் இருப்பவர்களில், ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும்; ஐந்து ஆண்டுகளுக்குள் ஓய்வு பெறுபவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் தேற வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அதன் தொடர்ச்சியாக வரும் அரசாணைகளைக் கவனித்துக்கொண்டே இருங்கள். இந்தத் தீர்ப்பு உங்களைத் தொடுகிறது என்றால், டெட் இரண்டாம் தாளை முடித்துவிட்டு எம்.எஸ்சி.க்கு வாருங்கள். இரண்டையும் ஒரே ஆண்டில் இழுத்துக்கொண்டு இரண்டிலும் கோட்டை விடுவது வீண்.

அடுத்தது அனுமதி. அரசுப் பள்ளியோ, உதவி பெறும் பள்ளியோ, கள்ளர் சீரமைப்புப் பள்ளியோ, உயர்கல்விக்கு முன் அனுமதி வாங்கிவிட்டுத்தான் சேர வேண்டும். தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பம் போகும். ஆணை வர மாதங்கள் ஆகலாம். சேர்க்கையின் கடைசித் தேதி நெருங்கும்போது எழுதிக் கொடுத்துவிட்டு, ஆணை வருவதற்குள் கட்டணம் கட்டிவிடுபவர்கள் ஏராளம். பிறகு பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் (எஸ்.ஆர்.) பதியும்போது, அனுமதித் தேதி சேர்ந்த தேதிக்குப் பின்னால் இருக்கிறதே என்ற கேள்வி வரும். பத்து வருஷம் கழித்துப் பதவி உயர்வுப் பேனல் தயாராகும் நேரத்தில் அந்தக் கேள்வியைச் சந்திப்பது மிகவும் துயரமானது. ஜூலைச் சேர்க்கை உங்கள் குறி என்றால் பொங்கல் முடிந்த கையோடு விண்ணப்பத்தைக் கொடுங்கள். கொடுத்த கடிதத்தின் நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே சேர்வது

தொலைநிலையில் படித்த பட்டமும் நேரில் போய்ப் படித்த பட்டமும் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 செப்டம்பரில் மீண்டும் தெளிவுபடுத்தியது. அந்தச் சமநிலை ஒரு நிபந்தனையோடு வருகிறது: நீங்கள் சேரும் பருவத்தில், நீங்கள் சேரும் படிப்புக்கு, அந்தப் பல்கலைக்கழகம் யுஜிசியின் தொலைநிலைக் கல்விக் குழுமத்தின் (டெப்) அனுமதி பெற்றிருக்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பொதுவாக அனுமதி இருப்பதும், அதன் எம்.எஸ்சி. கணிதத்துக்கு அந்த ஆண்டு அனுமதி இருப்பதும் வெவ்வேறு. போன ஆண்டு அண்ணன் சேர்ந்தார், அதனால் இந்த ஆண்டு நானும் சேர்கிறேன் என்பது போதாது. குழுமத்தின் இணையப் பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர், படிப்பின் பெயர், சேர்க்கைப் பருவம் மூன்றையும் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். 2024 முதல் தொலைநிலை மாணவர்கள் எல்லோரும் டெப் அடையாள எண் ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் சேர்க்கை நிறைவடையாது. அதற்கு ஆதார், கல்விச் சான்றுகள் எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருந்தால் வேலை சுலபம். இனிஷியல் பெயருக்கு முன்னால் ஒரு சான்றிலும் பின்னால் இன்னொன்றிலும் இருப்பது நம் ஊர்ப் பழக்கம். சேர்க்கை தொடங்கும் முன்பே அதைச் சரிசெய்துவிடுங்கள்.

பேருந்து நிலையங்களைச் சுற்றி, மாடிப்படிக்குப் பக்கத்தில், வட மாநிலப் பல்கலைக்கழகங்களின் பெயர்ப் பலகைகளோடு மையங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓராண்டில் எம்.எஸ்சி., தேர்வுக்கு வரவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் அந்த மாடிப்படியை அப்போதே இறங்கிவிடுங்கள். தொலைநிலைப் படிப்பைத் தனியார் முகவர் வழியாக நடத்த விதிகளில் இடமில்லை.

அப்படியானால் எங்கே? தேனி சாலையில் வேலை பார்ப்பவருக்குக் காமராசர் பல்கலைக்கழகம் பக்கம். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்தவருக்கு 1985இல் தொடங்கிய காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் ஒரு பஸ் தூரம். திருமங்கலத்துக்குத் தெற்கே இருப்பவர்கள் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனாரைப் பார்க்கலாம். அது 1990இல் வந்தது. 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், மதுரையில் அலங்காநல்லூர் சாலைச் சிக்கந்தர் சாவடியில் மண்டல மையம் வைத்திருக்கும் இக்னோவும் மற்ற இரண்டு வழிகள்.

இக்னோ பற்றித் தனியாக ஒரு சொல். அதன் பாடப் புத்தகங்கள் தனியாகப் படிப்பவருக்கென்றே எழுதப்பட்டவை. இடையிடையே பயிற்சிக் கணக்கு, கடைசியில் விடை என்று ஓர் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் போகும். வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள்கூட அவற்றைத் தேடிப் படிக்கலாம். ஆனால் அங்கே நெடுங்காலமாக நடந்துவரும் எம்.எஸ்சி.யின் பெயர் கணிதமும் கணினி அறிவியலில் அதன் பயன்பாடுகளும் என்பது. பட்டத்தின் பெயரில் கணிதம் என்ற சொல்லோடு வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால், தமிழ்நாட்டில் பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் அது எம்.எஸ்சி. கணிதத்துக்கு இணை என்ற சமநிலை அரசாணை கேட்பார்கள். உங்கள் பி.எஸ்சி.யே கணினிப் பயன்பாட்டுடன் கூடிய கணிதம் என்றால் அதற்கும் இதே கேள்வி உண்டு. அரசாணையின் எண்ணும் தேதியும் கையில் கிடைத்த பிறகு சேருங்கள். 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்ற வாய்மொழி போதாது.

ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம்

தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது சுமார் 30 மணி நேரப் படிப்பு. ஒரு பருவத்துக்கு 20 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 600 மணி நேரம். ஆறு மாதம் என்பது 26 வாரம். வாரத்துக்கு 23 மணி நேரம் படிக்க வேண்டும் என்று விடை வருகிறது. முழுநேர வேலை, வீடு, பஸ் பயணம் எல்லாவற்றோடும் வாரம் 23 மணி நேரம் யாருக்கும் கிடைக்காது. இதை முதல் நாளே ஒப்புக்கொள்வது நல்லது. குறைந்தபட்சக் காலம் இரண்டு ஆண்டு, அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று விதி அனுமதித்தால், தயக்கமில்லாமல் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்குத் திட்டம் போடுங்கள். மூன்று ஆண்டு என்றால் வாரம் சுமார் 15 மணி நேரம், நான்கு ஆண்டு என்றால் 12 மணி நேரம் போதும். இரண்டே ஆண்டில் முடித்தேன் என்று சொல்வதில் பெருமை இருக்கலாம். மூன்று ஆண்டில் படித்துத் தெரிந்துகொண்டவர் வகுப்பில் நிற்கும்போது அந்த வித்தியாசம் பிள்ளைகளுக்கே தெரியும்.

அடுத்து, பள்ளி ஆண்டும் பல்கலைக்கழக ஆண்டும் மோதிக்கொள்ளும் இடங்கள். இக்னோவின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். ஜூன் என்றால் பள்ளி திறந்து, சேர்க்கை, இலவசப் பாடநூல், எமிஸ் பதிவு என்று தலைக்கு மேல் வேலை. டிசம்பர் என்றால் அரையாண்டுத் தேர்வு. டிசம்பர் தொடங்கி மார்ச் வரை பத்தாம் வகுப்பு ஆசிரியருக்குக் காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு. ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம். தேர்தல் வந்தால் அந்தப் பணியும் உண்டு. எனவே உங்கள் படிப்பாண்டு உண்மையில் ஜூலை முதல் நவம்பர் வரைதான். பகுப்பாய்வு, இயற்கணிதம் போன்ற கனமான தாள்களை அந்த ஐந்து மாதங்களில் முடித்துவிடுங்கள். செயல்முறை ஆராய்ச்சி, வகைக்கெழுச் சமன்பாடு போன்று கணக்குப் போட்டுப் பழகும் தாள்களை மற்ற மாதங்களுக்கு வையுங்கள். அவற்றைத் துண்டு துண்டான நேரத்திலும் செய்யலாம். முகாம் முடிந்து, அழகர் ஆற்றில் இறங்கி, ஊர் ஓய்ந்த பிறகு வரும் மே மாத வாரங்கள் பொன்னானவை. அவற்றைக் கல்யாண வீடுகளுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பெண் ஆசிரியர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. காலை நாலரைக்கு எழுந்து சமையல் முடித்து, ஆரப்பாளையத்திலோ மாட்டுத்தாவணியிலோ பஸ் ஏறி, மாலை ஆறரைக்குத் திரும்புபவரிடம் தினம் இரண்டு மணி நேரம் படியுங்கள் என்று சொல்வது நியாயமில்லை. வீட்டில் பேசி, வாரத்தில் ஒரு முழு நாளை, ஞாயிறையோ சனியையோ, சமையல் உட்பட எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுபட்ட நாளாக வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலேயே உட்கார்ந்து படித்தால் அந்த நாள் கரைந்துபோகும். புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அமைதியான, குளிர்ந்த, பாதுகாப்பான இடம். ஒரே தாளைப் படிக்கும் இரண்டு மூன்று ஆசிரியர்கள் அங்கே சந்திப்பதாக ஏற்பாடு செய்துகொண்டால் இன்னும் நல்லது. தனியாகப் படிப்பவர் நிரூபணத்தில் ஓர் ஓட்டையைக் கவனிக்காமல் கடந்துவிடுவார். எதிரே உட்கார்ந்திருக்கும் தோழி 'இது எப்படி வந்தது?' என்று ஒரு கேள்வி கேட்டால் நின்றுவிடுவார். அந்தக் கேள்விதான் நேர்முக வகுப்புக்கு ஈடு.

இந்தச் செய்தி கணவர்களுக்கும் மாமியார்களுக்கும் சேர்த்துத்தான்: வாரத்தில் ஒரு நாள் கொடுங்கள், மூன்று ஆண்டுகள் மட்டும்.

எப்படிப் படிப்பது

கைடும் ஐந்து வருட வினாத்தாளும் இருந்தால் எம்.எஸ்சி. தேறிவிடலாம் என்பார்கள். தேறலாம், பலர் தேறியிருக்கிறார்கள். ஆனால் பி.ஜி. டி.ஆர்.பி. எழுத உட்காரும்போது அந்தப் படிப்பு கைகொடுப்பதில்லை. அந்தத் தேர்வின் 150 மதிப்பெண்ணில் 110 பாடத்துக்கு, 30 கல்வியியலுக்கு, 10 பொது அறிவுக்கு. கணிதப் பாடத்திட்டத்தில் இயற்கணிதம், மெய்ப் பகுப்பாய்வு, வகை வடிவியல், செயல்முறை ஆராய்ச்சி, சார்புப் பகுப்பாய்வு, கலப்பெண் பகுப்பாய்வு, வகைக்கெழுச் சமன்பாடுகள் போன்றவை உண்டு. கொள்குறி வினாவில் மனப்பாடம் செய்த நிரூபணத்தை எழுத இடமில்லை. ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் தேற்றம் உடைகிறதா, உடைந்தால் எந்த எடுத்துக்காட்டில் உடைகிறது என்று தெரிந்திருந்தால்தான் விடை வரும்.

பி.எஸ்சி. முடித்து வெகுநாள் ஆனவர்கள் நேராக ரூடின், ஹெர்ஸ்டைன் என்று கனத்த நூல்களுக்குள் போக வேண்டாம். தென் மாவட்டக் கல்லூரிகளில் நம்மில் பலர் படித்த ஆறுமுகம்–தங்கபாண்டி ஐசக் இயற்கணித நூலை மறுபடி எடுங்கள். குலம், வளையம், களம் வரை ஒரு மாதம் கணக்குப் போட்டுவிட்டு ஹெர்ஸ்டைனுக்குப் போனால் வழுக்காது. பகுப்பாய்வுக்கு அப்போஸ்டல் பொறுமையானவர், ரூடின் சுருக்கமானவர். ரூடினில் ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை ஆனாலும் அது தோல்வியல்ல, அந்தப் புத்தகத்தைப் படிக்கும் வேகமே அதுதான். சிம்மன்ஸின் இடத்தியல் நூலை நாவலைப்போல் படித்துக்கொண்டே போகலாம். காதால் கேட்டால்தான் புரியும் என்பவர்களுக்கு என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் முழுப் பாடங்கள் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் காணொளி பார்ப்பதைப் படிப்பு நேரக் கணக்கில் பாதியாக மட்டுமே எழுதுங்கள். பேனா பிடித்த நேரம்தான் முழு நேரம்.

தமிழ் வழியில் பள்ளி முடித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் நிரூபணம் எழுதுவது தடையாகத் தோன்றும். கணித ஆங்கிலம் மிகச் சிறியது. 'அனைத்து', 'ஏதேனும் ஒன்று', 'எனில்', 'எனில், எனில் மட்டுமே' ஆகியவற்றுக்கான சொற்களைப் பிழையில்லாமல் பயன்படுத்தத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நிரூபணத்தை முதலில் தமிழில் உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள். தமிழில் சொல்ல வரவில்லை என்றால் பிரச்சினை ஆங்கிலத்தில் இல்லை.

வகுப்பறைக்குத் திரும்பும் வழி

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் கணிதப் பேராசிரியராக இருந்த ஃபெலிக்ஸ் கிளைன், 1908இல் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே தொடக்கக் கணிதத்தை உயர்நிலையிலிருந்து பார்க்கும் சொற்பொழிவு நூல் ஒன்றை வெளியிட்டார். அவர் சொன்ன குறை இது: மாணவன் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும்போது பள்ளிக் கணிதத்தை மறந்துவிடச் சொல்கிறார்கள், படித்து முடித்து ஆசிரியராகப் பள்ளிக்குத் திரும்பும்போது பல்கலைக்கழகக் கணிதத்தை அவனே மறந்துவிடுகிறான். நூறு வருஷத்துக்கு மேலாகியும் எம்.எஸ்சி. முடித்த நம் ஆசிரியர்களில் பலருக்கு இதுதான் நடக்கிறது. ஆறாவது பீரியடில் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துவதும் இரவில் படிப்பதும் இரண்டு தனித்தனிக் கணிதங்களாகவே கிடக்கின்றன. பல்கலைக்கழகப் பாடத்திட்டம் இந்தப் பாலத்தைக் கட்டித் தருவதில்லை. நீங்கள்தான் கட்ட வேண்டும். வேலையில் இருந்துகொண்டு படிப்பவருக்குக் கல்லூரி மாணவரைவிட இதில் வசதி அதிகம், ஏனென்றால் இரண்டு கரையும் ஒரே நாளில் உங்கள் கண்ணில் படுகின்றன.

ஒன்பதாம் வகுப்பில் சுழல் தசமத்தைப் பின்னமாக மாற்றும் பாடம் வரும். 0.999… என்பதை ஓர் எண்ணாக வைத்துக்கொண்டு பத்தால் பெருக்கி, கழித்து, விடை 1 என்று காட்டுவோம். ஒரு பிள்ளை முகம் சுளிக்கும், நம்பிக்கை வராது. அந்தப் பிள்ளை சரியாகத்தான் சந்தேகப்படுகிறது. இதே தந்திரத்தை 1 + 2 + 4 + 8 + … என்ற தொடருக்குச் செய்து பாருங்கள். கூடுதலை இரண்டால் பெருக்கினால் முதல் 1 மட்டும் போன அதே தொடர் வருகிறது. அதாவது கூடுதலில் ஒன்றைக் கழித்தால் கூடுதலின் இரு மடங்கு. அப்படியானால் கூடுதல் −1! மிகை எண்களை மட்டுமே கூட்டி, குறை எண் விடையாக வந்திருக்கிறது. முதல் இடத்தில் சரியாக இருந்த தந்திரம் இங்கே ஏன் பொய் சொல்கிறது? முதல் தொடர் ஓர் எல்லையை நெருங்குகிறது, 0.9, 0.99, 0.999 என்று போகும்போது 1க்கும் அதற்குமான இடைவெளியை எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாக்கலாம். இரண்டாவது எதையும் நெருங்குவதில்லை. கூடுதல் என்ற ஒன்று இருக்கிறது என்பதை முதலில் நிறுவாமல் அதைப் பெருக்கவோ கழிக்கவோ உரிமையில்லை. மெய்ப் பகுப்பாய்வின் எப்சிலான்–டெல்டா முழுவதும் அந்த உரிமையைப் பற்றிய பேச்சுதான். இதைப் புரிந்துகொண்ட ஆசிரியர் அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளையை 'ஃபார்முலாவைப் போடு' என்று அடக்க மாட்டார்.

இன்னொன்று. செய்முறை வடிவியலில் கோணத்தை இருசமமாக வெட்டச் சொல்லித் தருகிறோம். மூன்று சமமாக வெட்டுவது எப்படி சார் என்று ஏதாவது ஒரு பிள்ளை எந்த ஆண்டிலும் கேட்டுவிடும். அளவில்லாத அளவுகோலும் கவராயமும் கொண்டு எல்லாக் கோணங்களையும் அப்படி வெட்ட முடியாது என்பதை 1837இல் பியர் வான்ட்செல் நிறுவினார். அதன் சாரத்தைப் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை வைத்தே பார்க்கலாம். 60 பாகையை மூன்றாக வெட்ட முடிந்தால் 20 பாகையின் கொசைனை வரைந்துவிடலாம். மும்மடிக் கோணத்தின் கொசைன் சூத்திரத்தில் 20 பாகையைப் போட்டு, அந்தக் கொசைனின் இரு மடங்கை எடுத்துக்கொண்டால் ஒரு சமன்பாடு வரும்: அந்த எண்ணின் மும்மடியிலிருந்து அதன் மூன்று மடங்கையும், மேலும் ஒன்றையும் கழித்தால் பூச்சியம். விகிதமுறு மூலத் தேற்றப்படி இதற்கு விகிதமுறு மூலம் இருந்தால் அது 1 அல்லது −1 ஆகத்தான் இருக்க முடியும். 1ஐப் போட்டால் −3 வருகிறது, −1ஐப் போட்டால் 1 வருகிறது, இரண்டும் பூச்சியமில்லை. எனவே இந்த முப்படிச் சமன்பாடு விகிதமுறு எண்களுக்குள் உடையாது, அந்த எண்ணின் படி மூன்று. கவராயத்தால் ஒவ்வொரு முறை புதுப்புள்ளி குறிக்கும்போதும் நாம் அதிகபட்சம் ஓர் இருபடிச் சமன்பாட்டைத்தான் தீர்க்கிறோம். அதனால் கிடைக்கும் எண்களின் படி 1, 2, 4, 8 என்று இரண்டின் அடுக்காகவே இருக்கும். மூன்று அந்த வரிசையில் இல்லை. இந்தக் கடைசி அடிதான் எம்.எஸ்சி. இயற்கணிதத்தின் களவிரிவுப் பாடம். தேர்வுக்குப் பத்து மதிப்பெண் வினாவாக அதை எழுதிவிட்டு வரலாம். பள்ளியில் கேட்கப்பட்ட கேள்விக்கு விடையாகவும் கொண்டுவரலாம்.

இதற்காக ஒரு தனி நோட்டு போடுங்கள். ஒவ்வொரு அலகு முடியும்போதும் அது ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தப் பாடத்தைத் தொடுகிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பத்தாம் வகுப்பின் யூக்ளிட் வகுத்தல் துணைத்தேற்றமும் மட்டு எண்கணிதமும் வளையங்களுக்குள் எங்கே இருக்கின்றன, அணிக்கோவை பூச்சியமானால் நேர்மாறு ஏன் இல்லை என்றெல்லாம் எழுதிக்கொண்டு போனால் மூன்று ஆண்டு முடிவில் உங்களிடம் ஒரு பாட நூலே இருக்கும்.

தனியாக நிற்க வேண்டாம்

1965இல் தொடங்கப்பட்ட இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் சென்னையிலிருந்து இயங்குகிறது. ஆசிரியர்களுக்கான இதழ், மாணவர்களுக்கான திறனறித் தேர்வு, ஆண்டு மாநாடு என்று அதற்குப் பல முகங்கள். உறுப்பினராகி மாநாட்டுக்கு ஒரு முறையாவது போய் வாருங்கள். சென்னை முத்தியாலுப்பேட்டைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன், ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968இல் நூலாக்கினார். ஒரு பள்ளி ஆசிரியர் செய்த வேலை அது. ராமானுஜன் பிறந்த நாளான டிசம்பர் 22 தேசியக் கணித தினத்தைப் படத்துக்கு மாலை போட்டு முடிக்காமல், உங்கள் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை அன்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எம்.எஸ்சி.க்குப் பிறகு எம்.ஃபில். என்று பழைய நினைவில் கேட்பவர்களுக்கு: 2022ஆம் ஆண்டு யுஜிசி விதிகளோடு எம்.ஃபில். நின்றுவிட்டது. பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு வழி இருக்கிறது. துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அதற்கு அவசரமில்லை.

படித்து முடித்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பட்டச் சான்றை எஸ்.ஆரில் பதிந்து கையெழுத்து வாங்கிய அந்த வாரமே, உங்கள் புத்தகங்களையும் பயிற்சிக் கணக்கு நோட்டுகளையும் எடைக்குப் போடாமல் கட்டி, உங்கள் ஒன்றியத்தில் அடுத்து சேரப்போகும் ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.